பின்னட்டை வாசகர்

எங்கள் அத்தான் சிபாரிசு செய்யாத புத்தகம் இன்னும் அச்சாகவில்லை என்று ஒரு காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வாரப் பத்திரிகை ஒன்றில் 'இந்த வாரம் ஐந்து' என்ற பக்கம் அவருடையது. புதிதாக வந்த புத்தகங்களில் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு வரி எழுதி, வாங்கிப் படியுங்கள் என்பார். ஒரு துப்பறியும் நாவல், ஒரு சரித்திரம், ஒரு பயண நூல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, கடைசியில் உடல்நலமோ விஞ்ஞானமோ ஏதாவது ஒன்று. அதே பத்திரிகையில் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதனால் நான் அவரைப் பற்றிப் பேசும்போது உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறேன் என்று யாராவது நினைக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும்.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது, அதை மறைக்கக் கூடாது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் இரண்டு கேள்வி கேட்பார். என்ன வேலை செய்கிறீர்கள், தூக்கம் வராவிட்டால் என்ன செய்வீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு புத்தகம் சொல்வார். அது அந்த ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருக்கும். கணக்கைத் தவிர எதையும் தொடாத ஒரு ஆடிட்டர், இவர் சொன்ன கப்பல் கொள்ளையர் சரித்திரத்தைப் படித்துவிட்டு, வீடு தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் அப்படி எத்தனையோ கொடுத்திருக்கிறார்.

அதெல்லாம் அவர் படித்துக்கொண்டிருந்த காலத்துக் கதை. முதலில் மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் எழுதினார். பக்கம் பிரபலமானதும் ஆசிரியர் அதை வாரம் இரண்டாக்கினார். பிறகு ஐந்து. ஏழு நாளில் ஐந்து புத்தகத்தை எந்த மனிதனால் படிக்க முடியும்? ஆனால் முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. மெதுவாகப் பின்னட்டையைப் படிக்க ஆரம்பித்தார். பின்னட்டை, முன்னுரையில் ஒரு பக்கம், நடுவில் எங்காவது ஒரு பத்தி. ஏழெட்டு வரிக்கு அதுவே தாராளம். அலுவலகத்தில் அவருக்குப் 'பின்னட்டை' என்றே பெயர் வைத்தார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அக்கா ஒரு மருத்துவமனையில் காது பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல். வந்தவர் உள்ளே உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாதிரி பெரிதாக ஒன்றை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொள்வார். அக்கா வெளியே கருவியின் முன்னால் உட்கார்ந்து சின்னச் சின்ன ஒலிகளை அனுப்புவாள். "எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் பரவாயில்லை, கேட்டதும் அழுத்துங்க" என்பது அவள் நாள் முழுக்கச் சொல்லும் வாக்கியம். அந்த வேலையில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. ஒலியை அனுப்பும் கை உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், கேட்காவிட்டாலும் கையைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிடுவார்கள். அதனால் அக்கா எப்போதும் சற்றுத் திரும்பி உட்கார்ந்து கையை மறைத்துக்கொள்வாள். வீட்டில் டீ போடும்போதுகூட அப்படித்தான் நிற்பாள்.

அவள் ஒரு புத்தகம் எழுதினாள். அத்தான் அடுத்த அறையில் ஊரார் புத்தகங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். ஆரம்பத்தில் அவரிடம் சொல்லத்தான் பார்த்தாள். "நான் ஒண்ணு எழுதியிருக்கேன், படிச்சுக் காட்டட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். "ம், படி" என்று சொல்லிவிட்டு அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு பக்கம் படித்தாள். ஒவ்வொரு பத்திக்கும் ஒரு 'ம்' வந்தது. படித்து முடித்ததும், "கரண்ட் பில் கட்டியாச்சா?" என்றார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவரிடம் எதுவும் காட்டவில்லை. புத்தகம் முடிந்தது. எங்கள் அம்மாவின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு ஒரு சிறிய பதிப்பகத்துக்கு அனுப்பினாள். அவர்கள் போட்டார்கள். 'சத்தம் கேட்டால் அழுத்தவும்' என்று தலைப்பு.

நான் அதை ஒரே மூச்சில் படித்தேன். அவளிடம் சோதனைக்கு வந்தவர்களின் கதைகள்தான். பேத்தி பாடுவதைக் கேட்க வேண்டும் என்று வந்த தையல்காரர், கருவியைப் பொருத்தியதும் தன் செருப்புச் சத்தத்தைக் கேட்டு மிரண்டுபோன மாமி, இப்படி. சிரித்துக்கொண்டே படித்து ஏழாவது அத்தியாயத்துக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. 'குறையில்லாத காதுகள்' என்று அதற்குப் பெயர். நான் சொல்வது எதுவும் இவருக்குக் கேட்பதில்லை என்று சொல்லிக் கணவனை அழைத்து வரும் பெண்களைப் பற்றியது. சோதித்துப் பார்த்தால் அந்த ஆளுக்கு எல்லா ஒலியும் கேட்கும். காதில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னதும் கணவன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்வான், மனைவி அழுவாள். 'காது கேளாதவருக்கு ஒரு கருவி கொடுத்து அனுப்பலாம். கேட்கிற காதுள்ளவருக்கு நான் எதைக் கொடுப்பது?' என்று எழுதியிருந்தாள். அத்தியாயத்தின் கடைசி மூன்று பக்கம் அவள் சொந்த வீடு. பெயர் இல்லை, ஆனால் கரண்ட் பில் இருந்தது.

படித்த அன்றே அவளிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"அத்தான்கிட்ட நேரா சொல்லேன். நீதான் எழுதினேன்னு சொல்லிக் கையில குடு."

"சொன்னா படிச்சுடுவார்டா."

"அதுதானே வேணும்?"

"பொண்டாட்டி எழுதினதுன்னு கடமைக்குப் படிக்க வேண்டாம். பதிப்பகத்துலேர்ந்து உங்க பத்திரிகைக்கு அனுப்பியிருக்காங்க. அவர் மேஜைக்குத்தான் வரும். அவரா எடுத்துப் படிக்கட்டும். படிச்சா என்கிட்ட வந்து பேசுவார்."

"படிக்கலைன்னா?"

அப்போதுதான் இன்னொன்றையும் சொன்னாள். வேறொரு ஊரில் பெரிய மருத்துவமனை ஒன்றில் காதுப் பிரிவையே அவளிடம் ஒப்படைக்கத் தயாராக இருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் படித்துவிட்டு வந்து ஒரு வார்த்தை பேசினால் வேலை வேண்டாம் என்று எழுதிவிடுவாள். இல்லாவிட்டால் போய்விடுவாள். திரும்பி வருகிற எண்ணத்தோடு இல்லை.

"இதெல்லாம் என்ன பரீட்சை, அக்கா? அந்த மனுஷனுக்குப் பரீட்சை நடக்குதுன்னே தெரியாதே!"

"தெரிஞ்சா அது சோதனை இல்லை" என்றாள். தொழில் அவள் எலும்பு வரை ஊறிப்போயிருந்தது. அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். அவர் காதைச் சோதிக்கப் போய், தன் கையை மறைத்துக்கொண்டாள்.

புத்தகம் அத்தானின் மேஜைக்கு வந்தது. அங்கிருந்து மற்ற நான்கோடு அவர் பையில் ஏறி வீட்டுக்கும் வந்தது. ஒரு வாரம் அவர் டீ கிளாஸுக்கு அடியில் கிடந்தது. அட்டையில் வட்டமாகக் கறை விழுந்தது. அக்கா தினமும் கிளாஸை எடுத்துக் கழுவிவிட்டு, ஈரத்துணியால் அட்டையைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவாள்.

திங்கட்கிழமை அவருடைய பக்கம் என் கணினிக்கு வந்தது. முதலில் ஒரு துப்பறியும் நாவல், 'கீழே வைக்க முடியாது' என்று. அடுத்தது உப்பு வியாபாரத்தின் சரித்திரம். பிறகு பாலைவனப் பயணம், ஒரு சிறுகதைத் தொகுப்பு. ஐந்தாவதாக என் அக்கா. 'வயதானவர்கள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய கையேடு. காதுகளைப் பேணும் முறைகளை எளிய நடையில் விளக்குகிறார் ஆசிரியர்' என்று எழுதியிருந்தார். பதிப்பகத்தார் பின்னட்டையில் அசட்டுத்தனமாகப் போட்டிருந்ததை இரண்டு வார்த்தை மாற்றி வைத்திருந்தார். எழுதியவர் பெயராகத் தன் மாமியாரின் பெயரையும் தன் கையாலேயே தட்டச்சு செய்திருந்தார். மாமியாரை எப்போதும் 'அத்தை' என்றே கூப்பிட்டுப் பழகியவருக்கு அது யாரோ ஒருத்தியின் பெயர். உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அவர் படிக்கலை. நான் இப்பவே போய் அவர்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாதே."

"பக்கத்தை நிறுத்தவாவது சொல்லட்டுமா?"

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ இருமுவது கேட்டது. "இரு, மாசக் கடைசிக்கு முன்னாடி இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை இருக்கு. ஒருவேளை எழுதினதுக்கு அப்புறமாவது படிப்பார். பக்கத்தைப் போடு" என்றாள். போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் அத்தான் உற்சாகமாக எழுந்து போய், அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து முதல் பக்கத்தில் ஏதோ எழுதினார். அக்காவிடம் நீட்டினார்.

"இந்தா. இது உனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. உன் லைன்தான்."

நான் தண்ணீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அக்கா புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

"படிச்சீங்களா?"

"படிக்காம சிபாரிசு பண்ணுவேனா? இந்த வாரப் பக்கத்துல போட்டிருக்கேனே, பார்க்கலையா நீ?"

"பார்த்தேன். இதுல எது உங்களுக்குப் பிடிச்சுது?"

"முழுசுமே நல்லாத்தான் இருக்கு. அந்த... காதைச் சுத்தம் பண்றது பத்தி வருதே, அந்த இடம் ரொம்ப எளிமையா சொல்லியிருக்காங்க. எழுதினவங்க டாக்டரா இருக்கணும்."

புத்தகத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது. அக்கா முதல் பக்கத்தைத் திறந்தாள். 'என் மனைவிக்கு, படித்துப் பயன்பெற' என்று அவர் எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தேன். அடுத்த பக்கம் சமர்ப்பணம். 'அடுத்த அறையில் இருப்பவருக்கு' என்று அதில் அச்சிட்டிருந்தது எனக்குத் தெரியும். பேனாவை மூடுவதற்குள் அவர் ஒரு தாளைத் திருப்பியிருந்தால் போதும். அத்தான், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பேனாவைப் பைக்குள் செருகினார்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் அக்கா. மறுநாள் அந்த மருத்துவமனைக்கு வருவதாகப் பதில் எழுதிவிட்டாள்.

அவள் போவதை அத்தான் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டார். பெருமையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தார். பஸ்ஸில் படிக்க ஒரு நாவலும் சிபாரிசு செய்தார். "ரெண்டு மூணு மாசம் போனா இங்கயே மாத்திக் குடுத்துடுவாங்க" என்று என்னிடம் சொன்னார். அவள் போனில் பேசுவது குறைந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை.

ஐந்தாவது புத்தகத்தைக் கேட்டுப் பதிப்பகத்துக்கு நிறையப் பேர் போன் செய்தார்களாம். சிபாரிசு வேலை செய்தது. பிறகு வாசகர் கடிதங்களும் வர ஆரம்பித்தன. காதில் எண்ணெய் விடலாமா கூடாதா என்று கடைசிவரை சொல்லவே இல்லையே என்று ஒருவர் கோபித்திருந்தார். கையேடு என்று நம்பி வாங்கினேன், கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுக்கிறார் என்று இன்னொருவர். அத்தான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்குச் சிரித்தபடி வந்தார்.

"பாரேன், ஜனங்களுக்குப் படிக்கவே தெரியலை."

அதோடு என் பொறுமை போயிற்று. அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் போயிற்று. "அத்தான், அந்தப் புத்தகம் உங்க வீட்டு அலமாரியிலதான் இருக்கு, அக்கா எடுத்துட்டுப் போகலை. போய் எழுதினது யாருன்னு பாருங்க. அது உங்க மாமியார் பேரு. உங்க மாமியாருக்குக் காதைப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜையில் தலைகள் நிமிர்ந்தன. அவர் கடிதத்தை என் மேஜையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அலுவலகத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் சவரம் செய்யாத முகத்தோடு வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏழாவது அத்தியாயம் நான்தானே?"

"நீங்கதான்."

"அன்னிக்கு அவ படிச்சுக் காட்டினது எனக்கு ஞாபகமே இல்லை. கரண்ட் பில் ஞாபகம் இருக்கு." என் மேஜையில் கிடந்த வாசகர் கடிதத்தைத் தள்ளிவைத்தார். "நல்ல புத்தகம்டா. இந்த வருஷம் வந்ததிலேயே இதுதான் நல்ல புத்தகம். நான் அதைக் கையேடுன்னு எழுதிட்டேன்."

ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரு புத்தகத்தைப் பற்றியே புதிதாக எழுதியிருந்தார். படித்துப் பார்த்தேன். மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதிய காலத்து அத்தான் அதில் இருந்தார். தையல்காரர் இருந்தார், மாமியின் செருப்பு இருந்தது. எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனார். ஒரு புத்தகத்தை இரண்டாம் முறை சிபாரிசு செய்வதில்லை என்று அந்தப் பக்கத்துக்கு ஒரு விதி உண்டு. தெரிந்தவர்கள் தொந்தரவு செய்கிறார்கள் என்று அதைக் கொண்டுவந்தவரே அத்தான்தான். ஆசிரியர் சிரித்துக்கொண்டே அதை நினைவுபடுத்தினார். அதோடு, "உங்க வீட்டுக்காரம்மா புத்தகம்னு தெரிஞ்சா ஊர் என்ன சொல்லும்?" என்றும் கேட்டார். அந்தப் பக்கம் அச்சேறவில்லை.

அக்காவுக்குப் போன் செய்யச் சொன்னேன். "போன்ல என்னன்னு பேசறது?" என்றார். அவர் ஒரு யோசனை வைத்திருந்தார். அவளிடம் போய்க் காதைச் சோதித்துக்கொள்ளப் போகிறாராம். "உண்மையிலேயே ஏதாவது கோளாறு இருக்கலாம் இல்லையா? கொஞ்ச நாளா டிவி சத்தம்கூட..." என்று இழுத்தார். காதில் குறை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு டாக்டரிடம் போகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். கோபமெல்லாம் வடிந்துவிட்டது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றதால் நானும் பஸ் ஏறினேன்.

பெரிய மருத்துவமனை. நீண்ட வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அத்தான் எல்லோரையும் போல நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவைத் திறந்த அக்கா அவரையும் என்னையும் பார்த்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். நான்தான் சொல்லிவிட்டேன் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"என்ன தொந்தரவு?" என்றாள், வருகிற எல்லோரிடமும் கேட்பதைப் போல.

"சொல்றது கேட்க மாட்டேங்குது" என்றார் அத்தான்.

அவரைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் கதவை மூடினாள். நான் அவள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். "எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும் பரவாயில்லை, கேட்டதும் அழுத்துங்க" என்றாள். பிறகு நான் அதுவரை பார்க்காத ஒன்றைச் செய்தாள். நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு எதிரே, மறைக்காமல், கையைக் கருவியின் மேல் வைத்தாள். ஒவ்வொரு ஒலியை அனுப்பும்போதும் விரலைக் கொஞ்சம் உயர்த்தி, தெரியும்படி அழுத்தினாள்.

அத்தான் எல்லா ஒலிக்கும் பொத்தானை அழுத்தினார். எனக்கு வெளியே ஒன்றும் கேட்காது, அவர் அழுத்தும்போது கருவியில் ஒரு சின்ன விளக்கு எரிவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்றுகூடத் தவறவில்லை. அக்கா ஒலியைக் குறைத்துக்கொண்டே போனாள், விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் பட்டதால் அவர் கண்கள் எங்களுக்குத் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பரீட்சை எழுதும் பையனைப் போல உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து அவள் எதிரில் நின்றார். "முழுசும் படிச்சேன்" என்றார்.

"தெரியும். படிக்காம இங்க வந்திருக்க மாட்டீங்க."

"காதுல ஏதாவது..."

"ஒண்ணும் இல்லை. ரெண்டு காதும் நல்லா இருக்கு."

அத்தானுக்கு முகம் கோணியது. ஏழாவது அத்தியாயத்தில் இந்த இடத்தில் மனைவிதான் அழுவாள். இங்கே அவர் அழுதார், வராந்தாவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல். அக்கா ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து நீட்டினாள். அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

"குறை இருந்திருந்தா ஒரு மிஷின் குடுத்திருப்பேங்க" என்றாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. "என் மேலயும் தப்பு இருக்கு. நான்தான் எழுதினேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கணும். கையை மறைச்சே பழகிப்போச்சு. அதனாலதான் இன்னிக்கு மறைக்காம உட்கார்ந்தேன். நீங்க பார்த்தீங்களா?"

அத்தான் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"இல்லையே. இந்தத் தடவையாவது சரியா கேட்கணும்னு கண்ணை மூடிக்கிட்டேன்."

வராந்தாவில் யாரோ தன் நம்பர் எப்போது வரும் என்று இரைந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா நாற்காலியை மறுபடியும், கை மறையும்படி, பக்கவாட்டில் திருப்பிப் போட்டாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, அத்தானைப் பார்த்துக் கூட்டிட்டுப் போ" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.